ஒரு கவுளி வெற்றிலை

திருத்தூதர் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடலை மகிழ்ச்சியின் மடல் என்று மறைக்கல்வி வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பது வழக்கம். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம். கணவன் மனைவி இருவருமே ஆசிரியர்கள். ஓய்வுபெற்ற பின் கும்பகோணத்தில் எங்கள் பங்கில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தி வந்தோம். நான்கே அதிகாரங்கள் கொண்ட சிறிய மடல் அது. மகிழ்ச்சியும் அதன் இனச் சொற்களும் அதில் ஏறக்குறைய 16 முறை வருகின்றன. எழுதியவரோ சிறையில் இருந்தார். இம்மூன்று செய்திகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் ஒரு வகுப்பு நிறைவாக முடிந்துவிடும். பிள்ளைகளும் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

அம்மடலின் நான்காம் அதிகாரத்தில், மகிழுங்கள் என்று திருத்தூதர் இருமுறை வற்புறுத்தும் வசனத்துக்கு இரண்டு வசனங்கள் முன்னதாக இரு பெண்களின் பெயர்கள் காணப்படுகின்றன. எவோதியா, சிந்திக்கே. நற்செய்திப் பணியில் பவுலோடு சேர்ந்து பாடுபட்டவர்கள். அவர்களுக்குள் ஏதோ ஒரு பிணக்கு. என்ன பிணக்கு என்பதை மடல் சொல்லவில்லை. அவர்கள் மனம் ஒன்றுபட வேண்டும் என்று பவுல் கேட்கிறார். அவர்களுக்குத் துணைசெய்யுமாறு தம் தோழர் ஒருவரையும் வேண்டிக்கொள்கிறார். அதன் பிறகே மகிழுங்கள் என்ற சொல் வருகிறது. பல ஆண்டுகள் அவ்வசனங்களை நாங்கள் வகுப்பில் தாண்டியே சென்றோம். அந்நியப் பெயர்கள் பிள்ளைகளின் வாயில் நுழையா என்பது நாங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம் பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் இருந்தது.

எங்கள் தந்தையார் விட்டுச்சென்றது அரசலாற்றுப் பாசனத்தில் 12 மா நிலம். தஞ்சைக்கு வெளியே வாழும் வாசகர்களுக்காகச் சொல்கிறோம்: ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட், இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. ஆக, நான்கு ஏக்கர். பெரிய சொத்தன்று, ஆயினும் ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து வாழப் போதுமான நிலம். தந்தையார் 2005இல் இறந்தார். அடுத்த ஆண்டு அண்ணனுக்கு ஆறு மா, எங்களுக்கு ஆறு மா எனச் சண்டை சச்சரவின்றிப் பாகம் பிரிந்தது. (உறவுமுறையில் எங்களில் ஒருவருக்குத்தான் அவர் அண்ணன், மற்றவருக்கு மூத்தார். ஆனால் வீட்டில் இருவரும் அண்ணன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.) 2007 தை அறுவடை முடிந்த கையோடு அண்ணன் தம் பங்கை வெளியார் ஒருவருக்கு விற்றுவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விற்ற பங்கில் களமும் இருந்தது. தாத்தா காலத்திலிருந்து நெல் அடித்துத் தூற்றிய களம் அது. புதுநெல்லில் முதல் மரக்காலைக் கோவிலுக்கென்று அளந்து வைத்த இடம்.

செய்தியைக் கேள்விப்பட்ட அன்று மாலையே அண்ணன் வீட்டு வாசலில் நின்று நாங்கள் பேசிய பேச்சை இங்கு எழுத முடியாது. உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே பேசினோம், தெருவே கேட்கும்படி. அண்ணன் ஒரு சொல்லும் பதில் பேசவில்லை. கதவை மெல்லச் சாத்தினார். அந்த ஆண்டே, அண்ணியின் பிறந்த ஊர்ப் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு குடிபெயர்ந்துவிட்டார்.

பேசாமையிலும் வகை உண்டு. நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அந்தப் பேசா மனிதரைக் காப்பியத் தலைவராக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணி செய்தார் வீரமாமுனிவர். கொள்ளிடத்தின் வடகரையில், எங்கள் மறைமாவட்டத்துக்குள் இருக்கும் ஏலாக்குறிச்சி அவர் வாழ்ந்து பணிசெய்த ஊர். நாங்கள் அங்கு செல்லும்போதெல்லாம் சூசையப்பரின் மௌனத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் உருக்கமாகப் பேசியிருக்கிறோம். அவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைக் காக்க மௌனம் காத்தவர். நாங்கள் ஒருவரைத் தண்டிக்க மௌனமாக இருந்தோம். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். அதனால் நெடுங்காலம் எங்களையே நாங்கள் ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. நாங்கள் பொறுமையாக இருக்கிறோம் என்று கூடச் சொல்லிக்கொண்டோம்.

அம்மா 2012இல் இறந்தார். பெட்டியின் இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும் நின்றோம். குழியில் மண் போடும்போது இருவர் கையும் ஒரே நேரத்தில் நீண்டது. இருவருமே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். யார் முதலில் போட்டார் என்பது நினைவில் இல்லை. அம்மாவின் செபமாலை எங்களிடம் வந்தது. ஒவ்வொரு நாளும் அதில் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொல்லித்தான் அம்மா செபித்து வந்தார். நாங்கள் அதை எடுத்துச் செபிக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினோம்.

இந்தப் பதினோரு ஆண்டுகளில் நாங்கள் துயரத்தில் உழன்றோம் என்று சொன்னால் அது பொய். ஞாயிறு திருப்பலி தவறியதில்லை. அலங்கார அன்னை பேராலயத் திருவிழா, பூண்டி மாதா திருவிழா, கிறிஸ்து பிறப்புக் குடில், பங்குப் பேரவைக் கூட்டம் என எதற்கும் குறைவில்லை. சமாதானம் பகிரும்போது முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர், முகம் தெரியாதவர் என எல்லாருக்கும் சிரித்த முகத்தோடு கைகூப்பினோம். குறை என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லாத வாழ்க்கை. ஆனால் எதைக் கொண்டாடினாலும், கொண்டாட்டம் முடிந்து விளக்கை அணைக்கும் நேரத்தில், இன்னும் ஒருவருக்குச் சோறு எடுத்து வைக்க மறந்துவிட்டது போன்ற ஓர் உணர்வு வரும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் ஊக்கவுரைக்கு ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்றே பெயரிட்டார். பாஸ்காவே வராத தவக்காலம்போல் வாழும் கிறிஸ்தவர்களைப் பற்றி அதன் தொடக்கத்தில் அவர் பேசுகிறார். அந்நூலை எங்கள் அன்பியத்தில் பகுதி பகுதியாக வாசித்தோம். அப்பகுதியை வாசித்த அன்று, யார் யாரை அது குறிக்கும் என்று மற்றவர்களைத்தான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கும்பகோணத்தில் மரக்கிளைகள் முறிந்தன, மின்சாரம் போயிற்று, அவ்வளவுதான். தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பகுதிகளில் தென்னை அழிந்தது. தோப்பு தோப்பாக மரங்கள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்த படங்களைச் செய்தித்தாளில் பார்த்தோம். நெல் ஒரு போகம் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை அப்படியன்று. நட்ட கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டாகும். நெட்டை ரகமானால் அதற்கும் மேல். அறுபது வயது கடந்த ஒருவருக்குத் தோப்பு சாய்வதென்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் பங்கில் அரிசியும் போர்வையும் திரட்டினார்கள். நாங்கள் தாராளமாகவே கொடுத்தோம். லாரி அந்தப் பக்கம்தான் போயிற்று. நாங்கள் போகவில்லை.

இவ்விடத்தில் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவர், கைம்பெண், சந்தையில் வெற்றிலை விற்றுப் பிழைப்பவர். கும்பகோணம் கொழுந்து வெற்றிலையின் பெருமையை இம்மாத இதழின் வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2025இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்பியக் கூட்டத்தில் விவிலியப் பகுதியைப் பிறர் வாசிக்கக் கேட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி சொல்வார். சில சமயம் அதுவும் இல்லை. புயலுக்குப் பின் நடந்த முதல் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது எங்களிடம் கேட்டார்: “டீச்சர், பெரியவரு தோப்பு விழுந்துடுச்சாமே. பார்த்துட்டு வந்துட்டீங்களா?”

இல்லை என்றோம். சாலை சரியில்லை, பேருந்து இல்லை என்று காரணம் சொன்னோம். சரி என்று போய்விட்டார்.

அடுத்த வாரமும் கேட்டார். அதே சொற்கள், அதே குரல். கண்டனமோ அறிவுரையோ இல்லை. மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பது போன்ற கேள்வி. கிறிஸ்து பிறப்பு விழா போயிற்று, பொங்கல் போயிற்று, சாம்பல் புதன் வந்தது. வாரம் தவறாமல் கேட்டார். ஒவ்வொரு வாரமும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. ஒருநாள் எங்களில் ஒருவருக்குக் கோபம் வந்து, “நடந்தது உங்களுக்குத் தெரியாதும்மா” என்று சொல்லிவிட்டோம். “தெரியும் சார். கதவு சாத்துன அன்னிக்கு நானும் தெருவுலதான் நின்னேன்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் அதே கேள்வி.

2019ஆம் ஆண்டு தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு மார்ச் 31இல் வந்தது. தவக்காலத்தின் நடுவே திருச்சபை மகிழ்ச்சிக்கென்று ஒதுக்கிய ஞாயிறு அது. குருக்கள் ஊதாவுக்குப் பதில் ரோசா நிறத் திருவுடை அணியலாம். மூன்றாண்டுச் சுழற்சியில் அந்த ஆண்டுக்கு அமைந்த நற்செய்தி, ஊதாரி மகன் உவமை. எத்தனை முறை கேட்டிருப்போம்! இளைய மகன் திரும்பியதையே கேட்டுப் பழகிய செவிக்கு அன்று மூத்த மகன்தான் கேட்டான். வயலிலிருந்து வருகிறான். வீட்டில் ஆடலும் பாடலும் கேட்கின்றன. சினமுற்று வெளியே நிற்கிறான். தந்தை வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் சொல்லும் கணக்கு முழுவதும் சரியான கணக்கு. இத்தனை ஆண்டு உழைத்தேன், கட்டளையை மீறியதில்லை என்பதில் ஒரு பிசகும் இல்லை. கணக்கு சரியாக இருந்ததால்தான் அவனால் உள்ளே போக முடியவில்லை. அவன் பிறகு போனானா என்பதை ஆண்டவர் சொல்லாமலே கதையை நிறுத்திவிடுகிறார். எங்கள் வீட்டில் மூத்தவர் அவர், இளையவர்கள் நாங்கள். ஆயினும் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பதில் ஐயம் இருக்கவில்லை. உள்ளே வராமல் வாசலில் நின்று பேசியவர்கள் அல்லவா நாங்கள்!

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அந்த அம்மா வாழைநாரில் கட்டிய ஒரு கவுளி வெற்றிலையோடு நின்றார். நூறு இலை, மேலே ஈரத்துணி சுற்றியிருந்தது. “பெரியவரு வெத்தலை போடுவாரே. அந்தப் பக்கம் நம்மூரு எல கெடைக்காது. சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க, வாடிப்போயிடும்” என்றார். இவ்வளவுதான். காசு வாங்க மறுத்துவிட்டார். வாடிப்போகும் பொருளை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் அவர் காரணம் தேட முடியாது என்பது வெற்றிலை விற்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் போலும்.

மன்னார்குடி, பட்டுக்கோட்டை வழியாகப் பேருந்து மாறி மாறிச் சென்றோம். ஏசாவைச் சந்திக்கப் புறப்பட்ட யாக்கோபு ஆடுமாடுகளை மந்தை மந்தையாக முன்னால் அனுப்பினார் என்று தொடக்கநூல் சொல்கிறது. எங்கள் மடியில் ஒரு கவுளி வெற்றிலை இருந்தது. வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. என்ன சொல்வது என்று ஆளுக்கொரு வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது பிறகு பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது. பட்டுக்கோட்டையைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் வானம் அதிகமாகத் தெரிந்தது. முன்பு தென்னை மறைத்திருந்த வானம்.

அண்ணன் தோப்பில் 160 மரங்கள் இருந்தனவாம், நின்றவை 14. அறுத்த மரங்கள் ஓரத்தில் அடுக்கிக் கிடந்தன. அடிக்கட்டைகளுக்கு இடையே புதிய கன்றுகள் நட்டு, வெயில் படாமல் கீற்று வைத்திருந்தார்கள். அண்ணன் ஒரு கன்றின் பாத்தியை மண்வெட்டியால் சரிசெய்துகொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“வாங்க” என்றார்.

இருவர் வந்தால் ‘வாங்க’ என்பதுதானே முறை என்று வாசகர் எண்ணலாம். ஆனால் எங்கள் திருமண நாள் தொட்டு அண்ணன் அப்படி அழைத்ததில்லை. ‘வா தம்பி, வாம்மா’ என்று தனித்தனியாகத்தான் அழைப்பார். அன்று அவர் சொன்ன ‘வாங்க’ வங்கி அதிகாரிக்கும் வரி வசூலிக்க வருபவருக்கும் சொல்லும் ‘வாங்க’. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

அண்ணி நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். “உட்காருங்க” என்றார் அண்ணன். ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. புயலைப் பற்றிக் கேட்டோம். நிவாரணத் தொகையைப் பற்றிக் கேட்டோம். அவரும் அளவாகப் பதில் சொன்னார். கால்மணி நேரம் கடந்திருக்கும். கிளம்பிவிடலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதுதான் வெற்றிலையின் நினைவு வந்து, பையிலிருந்து எடுத்து நீட்டினோம். கொடுத்தனுப்பியவர் யார் என்றும் சொன்னோம்.

அண்ணன் ஈரத்துணியைப் பிரித்தார். ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். காம்பைக் கிள்ளினார். முகர்ந்தார். வெகுநேரம் தலை குனிந்தே இருந்தார். பிறகு நிமிராமலே, “ஏம்மா, வெறும் வெத்தலையக் கொண்டாந்திருக்கியே, சீவல் எங்க? கும்பகோணத்துலேருந்து வர்றவ சீவல் இல்லாமயா வருவே?” என்றார். அடுத்து, “உனக்காவது நெனப்பு வேண்டாமா தம்பி?” என்றார்.

இருவரும் சிறுபிள்ளைகளைப் போல் அழுதோம். அண்ணி உள்ளே சென்று காபி போட்டார். அழுகைக்கும் காபிக்கும் இடையே மன்னிப்பு என்ற சொல்லை நாங்கள் சொன்னோமா என்பது இன்றும் எங்களுக்குள் தீராத வழக்கு. ஒருவர் சொன்னோம் என்கிறார். மற்றவர் சொல்ல நினைத்ததோடு சரி என்கிறார்.

ஏன் விற்றார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இன்றுவரை அந்தக் காரணம் எங்களுக்குத் தெரியாது. அந்த ஆண்டு ஆவணியில் அரசலாற்றில் தண்ணீர் ஓடும்போது அண்ணன் கும்பகோணம் வந்து பத்து நாள் தங்கினார். வரப்பில் நடந்து சென்று பழைய களத்துக்கு எதிரே நின்றார். அங்கே இப்போது ஒரு வீடு எழும்பியிருந்தது. “களத்தை மட்டுமாவது வெச்சிருக்கலாம்” என்றார், யாரிடமும் இல்லாமல். “அன்னிக்கு வாசல்ல நின்னு பேசுனது தப்பு அண்ணா” என்றோம் நாங்கள். திரும்பி நடக்கும்போது பாத்தியில் தண்ணீர் பாய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தோம். அன்றிரவு அம்மாவின் செபமாலையைப் பீரோவிலிருந்து எடுத்தோம். மணிகளில் பச்சை பூத்திருந்தது. அண்ணிதான் புளி போட்டுத் துலக்கினார்.

அவர் எங்களோடு இருந்தது அதன் பிறகு இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் அண்ணன் இறந்தார். அம்மாதம் பத்தாம் நாள் முதல் முழு ஊரடங்கு. அடக்கத்தைக் கைப்பேசியின் சிறு திரையில் பார்த்தோம். அவருக்கு ஒரு பிடி மண் போடவும் கொடுத்துவைக்கவில்லை. அந்த வெற்றிலைக்கார அம்மா மட்டும் முகக்கவசத்தோடு எங்கள் வாசலில் வந்து, உள்ளே வராமல், படியில் உட்கார்ந்து எங்களோடு ஒரு செபமாலை சொன்னார். இழந்த பதினோரு ஆண்டுகளை எண்ணி நாங்கள் எங்களையே நொந்துகொண்டபோது அவர் மறுத்துப் பேசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “அண்ணிகிட்ட பேசிட்டீங்களா?” என்று கேட்டார்.

அதன் பிறகுதான் மறைக்கல்வி வகுப்பில் பிலிப்பியர் மடலை நடத்தும்போது எவோதியாவையும் சிந்திக்கேயையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். பெயர்கள் அவர்கள் வாயில் எளிதாகவே நுழைகின்றன. உதவும்படி பவுல் கேட்டுக்கொண்ட அந்தத் தோழர் யார், அவர் பெயர் ஏன் இல்லை என்று ஒரு சிறுமி கேட்டாள். தெரியாது என்றோம். எங்கள் மனத்தில் ஒரு முகம் வந்தது.

ஊதாரி மகன் உவமை தவக்காலத்தின் நான்காம் ஞாயிற்றில் மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 2022இல் அதைக் கேட்க எங்களால் முடியவில்லை. கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். 2025 மார்ச் 30இல் அண்ணியின் ஊருக்கே சென்றோம். ஒரு கவுளி வெற்றிலை; இந்த முறை சீவலும் சுண்ணாம்பும் மறக்கவில்லை. அண்ணியோடு திருப்பலி கண்டு தோப்புக்கு வந்தோம். அண்ணன் கீற்று வைத்து வளர்த்த கன்றுகளில் சில, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து முதல் பாளை விட்டிருந்தன. அண்ணி பாதி வெற்றிலையை அண்ணன் படத்துக்கு முன் வைத்தார். மீதியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார். அவர் வாழ்நாளில் வெற்றிலை போட்டதில்லை. “அப்படி என்னதான் இருக்கு இதுல?” என்று சொல்லிக்கொண்டே ஓர் இலையை எடுத்துச் சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவி, சீவல் வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். மறுகணம் கண்ணில் நீர் வர, நாக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார். நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோப்புக்காரர் வேலிவரை வந்து எட்டிப் பார்த்தார்.